கான்டெசாவின் அடிப்பாகம்

சிவகாசியில் இரும்பு துருப்பிடிக்காது என்பது சீனிவாசகத்தின் கொள்கை. வெறும் நம்பிக்கை அல்ல, மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிய கொள்கை.

"மளையில்லாத ஊரு, காத்துல ஈரமில்லாத ஊரு. அதனாலதான் பட்டாசு இங்கன வந்துச்சு, தீப்பெட்டி வந்துச்சு, அச்சாபீஸ் வந்துச்சு. நம்ம மண்ணுல இரும்பு நூறு வருசம் நிக்கும். சந்தேகம் இருக்கவுக வெளிய நிக்கிற எங்க அய்யா காரைப் போய்ப் பாருங்க."

கூட்டம் முடிந்ததும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். கறுப்பு கான்டெசா. எண்பத்தொன்பதில் அவருடைய தகப்பனார் லட்சுமிகாந்தம் வாங்கியது. கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கும். யாரும் குனிந்து அடியில் பார்ப்பதில்லை. பட்டாசு முதலாளியின் காரைக் குனிந்து பார்ப்பது மரியாதையில் சேராது.

அந்தப் பளபளப்பு முனியராஜின் கைவேலை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பதினைந்து வருடமாகக் கழுவுகிறான். தாயில்பட்டிக்காரன். டிரைவராவதற்கு முன்னால் இதே கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தான். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சலித்துக் கலக்கும் இடம். ஒரு வைகாசி மத்தியானம் பக்கத்து ரூம் வெடித்துப் போனது. முனியராஜ் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் வலது புருவம் மட்டும் கருகியது. அது திரும்ப முளைக்கவில்லை. பக்கத்து ரூமில் இருந்த இரண்டு பேருக்கு அந்த மாதிரிக் குறை எதுவும் ஏற்பட வழியில்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அவன் கார் ஓட்டப் பழகினான். அப்போது கான்டெசாவை ஓட்டிக்கொண்டிருந்தவர் செல்லச்சாமி. அவர் ஒருநாள், "மொதலாளி, பின் கதவுக்கு அடியில லேசாத் துரு தெரியுது" என்று சொல்லிவிட்டார். ஊரின் சீதோஷ்ணத்தையே அவமதித்தவர் தன் காரை ஓட்டக் கூடாது என்று சீனிவாசகம் மறுநாளே அவரை அனுப்பிவிட்டார். காலியான சீட்டில் முனியராஜ் ஏறி உட்கார்ந்தான். அந்த சீட் எப்படிக் காலியானது என்பதை ஒருநாளும் மறக்கவில்லை.

கடந்த இரண்டு வருடமாக முதலாளி காருக்குள் சம்மணம் போட்டு உட்காருகிறார். ஊரில் அதற்கு நல்ல பெயர். "பக்குவம் வந்திருச்சு" என்றார்கள். காலண்டர் அச்சடிக்கும் ஒருவர் அந்தக் கோலத்தைப் படம் பிடித்துத் தினசரிக் காலண்டரில் போட்டு, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

சித்திரை கழிந்து சீசன் ஆர்டர்கள் குவியத் தொடங்கிய ஒரு காலையில், முதலாளியின் மகன் ராம்குமார் ஆபீசிலிருந்து குரல் கொடுத்தான்.

"முனியராஜண்ணே, கொஞ்சம் வாங்க."

கோயம்புத்தூரில் படித்த பிள்ளை. எல்லோரையும் அண்ணே என்பான். வேலையை விட்டு நிறுத்தும்போதும் அண்ணே உண்டு.

"அடுத்த மாசம் காருக்கு எஃப்சி. அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வர்றதுதான். பாஸானா அப்பா ஆசைக்கு ஓடட்டும். பெயிலானா எடைக்குப் போட்ருவோம். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். எங்க அய்யா காராவது, பெயிலாகுறதாவதுன்னு சிரிக்காக."

"சரி சின்ன மொதலாளி. எடைக்குப் போயிட்டா, நானு?"

"ஒங்களை விட்ருவோமா? மருந்து ரூம்ல ஆளே நிக்க மாட்டேங்காக. நீங்க அங்கன அனுபவப்பட்ட ஆளு. கூலியும் கூட. நான் இருக்கேன், கவலைப்படாதீக."

முனியராஜ் கவலைப்படாமல் வெளியே வந்து, காருக்குப் பின்னால் மறைந்து நின்று, புருவம் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காற்று அடைக்க என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு விருதுநகர் ரோட்டில் இருக்கும் சங்கிலிமுத்துவின் டிங்கரிங் பட்டறைக்குப் போனான். சங்கிலிமுத்து கூடப் படித்தவன். காரைக் குழிக்கு மேல் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவர், பின் சீட்டுக்கு முன்னால், தரைவிரிப்பைக் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

"மாப்ள, தெரியுதா?" என்றது குழியிலிருந்து குரல்.

"தெரியுது."

"நான் குத்தலலே. சும்மா வச்சேன், அதுவாப் போயிருச்சு. பக்கத்துல தேங்காய் போற அளவுக்கு ஒரு ஓட்டை ஏற்கெனவே இருக்கு. மொதலாளி காலு வைக்கிற எடம்."

"அவரு காலைத் தூக்கி வச்சுக்கிடுவாரு. அதனால எனக்கும் இந்த ஓட்டை தெரியாமப் போச்சு. ஓரத்துலதான் போயிருக்கும், அதுமேல கறுப்புப் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்." முனியராஜ் குழிக்குள் எட்டிப் பார்த்தான். "மளையே இல்லாத ஊர்ல எப்படிடா?"

"மளை எதுக்கு? நீ எந்தத் தண்ணியில கழுவுத?"

"கம்பெனி போர்த் தண்ணிதான்."

"அதைக் குடிச்சுப் பாத்திருக்கியா?"

"எவன் குடிப்பான்? நாக்குல வச்சா உப்புக் கரிக்கும்."

சங்கிலிமுத்து குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "நாளைக்கு ரெண்டு தடவை, பதினஞ்சு வருசம். கருவாட்டுக்குக்கூட இம்புட்டு உப்புப் போட மாட்டாக மாப்ள. மேல துணி போட்டுத் துடைச்ச, சரி. கீள வடிஞ்சதை யாரு துடைச்சா?"

அடித்தளத்தை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ண வேண்டும், பதினைந்து நாளாவது கார் பட்டறையில் நிற்க வேண்டும் என்றான்.

"ஒருநாள் நின்னாலே எதுக்குன்னு கேப்பாரு."

"கேட்டாச் சொல்லு."

"என்னன்னு?"

சங்கிலிமுத்து வாயைத் திறந்தான். செல்லச்சாமி இப்போது ஆட்டுச்சந்தையில் டோக்கன் கிழிப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டான்.

"நீ கம்பெனிக்கு வந்து கமுக்கமாப் பண்ணித் தாயேன்."

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள வெல்டிங்கா? நீ போறது போக, என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு பாக்குத. ஓட்டு, காரை வெளிய ஓட்டு."

வீட்டில் முனியராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மனைவி வேலுத்தாய் அதே கம்பெனியில் குழாய் உருட்டுகிறவள். வானத்தில் போய் வெடிக்கும் பெரிய உருப்படிகளுக்குத் தாளைப் பசை தடவிச் சுற்றிக் குழாய் செய்யும் வேலை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, தகடுதான் வேணுமா? இல்ல, கெட்டியா ஏதாச்சும் இருந்தாப் போதுமா?"

"என்ன சொல்லுத?"

"நாங்க உருட்டுற குழாய்க்குள்ள மருந்தைப் போட்டு வெடிக்காக. அதைத் தாங்குது. ஒங்க மொதலாளி காலைத் தாங்காதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. வாட்ச்மேனுக்குக் கோழிக் குழம்பு போனது. ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, பொருக்குத் தட்டியதை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். ஒரு சாக்கு நிறைய வந்தது. வேலுத்தாய் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையும், பழுப்புத் தாளும், அச்சில் நிறம் விலகிக் கழித்துப் போட்ட லேபிள் தாள்களும் கொண்டுவந்திருந்தாள். ஒரு தாள் நெடுக்கில், அதன்மேல் ஒரு தாள் குறுக்கில் என்று ஒட்டினாள். இருபத்தாறு அடுக்கு. பத்து மணிக்கு ஆரம்பித்தது இரண்டு மணிக்குள் கல்லாகக் காய்ந்துவிட்டது. சீனிவாசகம் மேடைதோறும் புகழ்ந்த வறட்சி, அவருடைய காருக்கு உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான்.

மேலும் கீழும் தார் பெயின்ட் அடித்து முடித்ததும் வேலுத்தாய் காருக்குள் ஏறி நின்று, இரண்டு காலாலும் குதித்தாள்.

"மெதுவாடீ!"

"நான் உருட்டுனதுமேல நான் குதிக்கேன், ஒங்களுக்கென்ன?"

திங்கட்கிழமை முதலாளி காரில் ஏறினார். வழக்கம்போலச் சம்மணம் போடக் காலைத் தூக்கியவர், தரைவிரிப்பைப் பெருவிரலால் லேசாக ஒதுக்கினார். இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். கார் ஆனைக்குட்டம் விலக்கைத் தாண்டியது. முனியராஜ் கண்ணாடியில் பார்த்தான். முதலாளியின் ஒரு கால், குளத்தில் ஆழம் பார்ப்பதுபோல இறங்கித் தரையைத் தொட்டது. அழுத்தியது. பிறகு அடுத்த கால்.

"ஏலே."

"மொதலாளி."

"இங்கன ஒண்ணு இருந்துச்சே."

முனியராஜ் வேகத்தைக் குறைத்தான். "என்னது மொதலாளி?"

"ரோடு."

முனியராஜ் காரை ஓரமாக நிறுத்தினான்.

"ரெண்டு வருசமா ரோட்டைப் பாத்துக்கிட்டேதாம்லே வாரேன். சாத்தூர்க் கல்யாணத்துக்குப் போனமே, அன்னைக்கு ஒத்தச் செருப்பு உள்ள போயிருச்சு. ஒத்தச் செருப்போட எறங்குனா நாலு பேரு என்ன நினைப்பாக? மத்ததையும் நானே தள்ளி விட்டுட்டேன். வெறுங்காலோட எறங்குனா, விரதமா அண்ணாச்சின்னுட்டாக. அப்புறம் என்ன செய்ய? ஒரு மண்டலம் செருப்பில்லாம நடந்தேன். வெந்து போச்சு காலு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மொதலாளி."

"சொன்னா நீ குனிஞ்சு பாத்துட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவ. சொன்னா ஒன்னையும் அனுப்பணும். நல்லா ஓட்டுத ஆளு, எதுக்கு விடணும்னு பாத்தேன். சரி, நீ ஏன் சொல்லல?"

"அதேதான் மொதலாளி. நல்ல வேலை, எதுக்கு விடணும்னு."

சீனிவாசகம் காலை இன்னொரு தடவை ஊன்றிப் பார்த்தார். "எதை வச்சுலே அடைச்ச?"

"பேப்பரு."

அவர் கால் சட்டென்று மேலே வந்தது. "யாரு பேப்பரு?"

"நம்ம கம்பெனி பேப்பருதான் மொதலாளி."

"அப்ப நிக்கும்" என்றார். "வண்டியை எடு."

எஃப்சி பார்க்கும் நாளில் சீனிவாசகம் தாமே ஆர்டிஓ ஆபீசுக்கு வந்தார். அய்யாவின் கார் பாஸாவதை நேரில் பார்க்க வேண்டும் என்று மகனையும் வரச் சொல்லியிருந்தார். ராம்குமார் தன் காரை நிறுத்த இடம் தேடி வெளியே சுற்றிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் ஓவியா என்ற இளம் பெண். பேப்பரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பிறகு ஒருவரும் எதிர்பார்க்காத விதமாகக் குனிந்தார். சீனிவாசகம் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார்.

டார்ச் வெளிச்சம் காருக்கு அடியில் நடமாடியது. விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டங் என்று வரவேண்டிய இடத்தில் டொப் என்று வந்தது.

"ஐயா, அடியில என்ன பண்ணியிருக்கீங்க?"

"அடியா? எங்க அய்யா வாங்குனபடியே இருக்கும்மா."

ஓவியா தார் பெயின்டை நகத்தால் சுரண்டினார். சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ தெரிந்தது. கழுத்தை வளைத்து வாசித்தார். "'நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள். திறந்த வெளியில் பெரியவர்கள் முன்னிலையில் மட்டும் கொளுத்தவும்.'" எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார். "சைலன்சருக்கு ரெண்டு விரக்கடை மேல இது ஒட்டியிருக்குங்கய்யா."

முதலாளி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தான்.

"ஒட்டினவங்க கை சுத்தம். ஒரு கொப்புளம் இல்லை. ஆனா மேல உள்ளது மட்டுந்தான் கார். இதை நான் ரோட்டுக்கு விட முடியாது. தகுதியில்லைன்னு எழுதணும், காரணமும் எழுதணும்."

"காரணம் என்னன்னு எழுதுவீக?"

"அடிப்பாகம் முழுக்கத் துரு."

சீனிவாசகத்தின் முகத்தில் இரத்தம் சுண்டிப்போயிற்று. அரசாங்கக் காகிதம். முத்திரை விழும். நாளைக்கே நகல் வாங்கி நாலு பேர் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்வார்கள். முனியராஜுக்கோ, அங்கே நின்றபடியே மூக்கில் கந்தக வாடை ஏறியது. சல்லடை அசையும் சத்தம் காதில் கேட்டது. கேட்டுக்கு வெளியே ராம்குமார் காரைப் பூட்டிவிட்டு நடந்து வருவது தெரிந்தது.

"மேடம்," என்றான் முனியராஜ். "நாங்க இந்த மனுவே வேண்டாம்னு திருப்பி வாங்கிக்கிட்டா?"

"வாங்கிக்கிட்டா நான் எழுத ஒண்ணும் இல்லை. ஆனா ஓட்டக் கூடாது. கட்டி இழுத்துட்டுத்தான் போகணும்."

முனியராஜ் முதலாளியின் காதருகே போனான். "மொதலாளி, ஓடுனாத்தான பேப்பர் கேப்பாக? கம்பெனி வாசல்ல ஒரு மேடை கட்டி, மேல ஏத்தி நிப்பாட்டி, சுத்திக் கண்ணாடி போட்ருவோம். பெரிய அய்யா நினைவா. சனம் வந்து பாக்கட்டும். கண்ணாடிக்குள்ள எவனும் குனிய முடியாது."

சீனிவாசகத்தின் முகத்துக்கு நிறம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியது. ராம்குமார் வந்து சேர்ந்தபோது அவர் துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார்.

"என்னப்பா, பெயிலா?"

"பெயிலா? அய்யா காரைப் பெயிலாக்க எவன் இருக்கான்? நாந்தான் வேண்டாம்னுட்டேன். மணல் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் ஊடால ஓடணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து? வாசல்ல மண்டபம் கட்டி வைக்கப் போறேன்."

"வைங்க. நல்லதுதான். அப்ப முனியராஜண்ணே, திங்கக்கெளமையில இருந்து மருந்து ரூமுக்கு வந்திருங்க."

"அப்ப காருக்கு டிரைவர்?" என்றார் சீனிவாசகம், பாதி மனதோடு.

"ஓடாத காருக்கு எதுக்குப்பா டிரைவர்?"

நியாயமான கேள்வி. மருந்து ரூமுக்கு ஆள் வேண்டும் என்பதும் நிஜம். சீனிவாசகம் முனியராஜைப் பார்த்தார். முனியராஜ் அவரைப் பார்க்கவில்லை. காரின் பின் கதவுக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். குனியவில்லை. குனியப் போகிறவனைப்போல வலது கையை மெதுவாக முழங்காலில் வைத்தான்.

"கோயில் யானை எங்கலே ஓடுது?" என்றார் சீனிவாசகம் அவசரமாக. "அதுக்குப் பாகன் இல்லையா? முனியராஜ் காரோடதான் இருப்பான்."

முனியராஜ் நிமிர்ந்தான்.

ஆவணியில் மண்டபம் திறந்தார்கள். பளிங்கு மேடை, நாலு பக்கம் கண்ணாடி, உச்சியில் வண்ண விளக்கு. 'வறண்ட மண்ணின் வாடாத தேர்' என்று பித்தளையில் பலகை. கார் ஓடிய காலத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டிருக்கிறானா என்று யாரும் பார்க்காத முனியராஜுக்கு, இப்போது வெள்ளைச் சீருடையும் தொப்பியும் கிடைத்தன. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பான். வியாபாரிகள் வந்தால் இறங்கிக் கதவைத் திறந்து காட்டுவான். அவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்ன கெட்டி! இந்தக் காலத்து வண்டியெல்லாம் வெறும் அட்டை" என்பார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சீனிவாசகத்தின் மேசையில் பதினொரு மனுக்கள் சேர்ந்திருந்தன. கான்டெசாவுக்கு ஒரு கிளீனர் வேண்டுமே என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். நிற்கிற வண்டிக்கும் டயரில் காற்றுக் குறையும், பார்த்துக்கொள்ளத் தாம் தயார் என்று மூன்று பேர். பாண்டிராஜ் என்பவர், இருபத்திரண்டு வருட அனுபவமுள்ளவர், வண்டிக்குத் தினம் மாலை போட அனுமதி கேட்டிருந்தார். சம்பளம் குறைந்தாலும் சம்மதம் என்று எல்லா மனுவும் முடிந்தது.

சீனிவாசகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தம்பி, அய்யா கார்மேல சனங்களுக்கு எம்புட்டுப் பக்தி!"

ராம்குமார் தாள்களைப் புரட்டினான். ஓரங்களில் வெள்ளி நிறத்தில் விரல் ரேகை படிந்திருந்தது. "அம்புட்டுப் பேரும் மருந்து ரூம் ஆளுகளா இருக்காகளேப்பா."

"அங்கன வேலை பாக்கிறவுகளுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றார் சீனிவாசகம். "ஒரு ஆளு எடுத்துக்குவோம். யாருங்கிறதை முனியராஜே சொல்லட்டும், அவன் பொறுப்புல உள்ள காரு."

பதினொரு தாளும் முனியராஜின் கைக்கு வந்தன. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாசித்து முடித்தான். திரும்ப முதலிலிருந்து வாசித்தான். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. மருந்து ரூம் ஆட்கள் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தார்கள். மண்டபத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாகக் கண்ணாடிக்கு அருகே வந்து, உள்ளே இருந்தவனைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

"சாப்பிட்டீகளாண்ணே?" என்றார், முனியராஜைவிடப் பத்து வயது மூத்த பாண்டிராஜ்.

மாடி ஜன்னலில் சீனிவாசகம் மகனின் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். "இங்கன வந்து பாரு தம்பி. காரைக் கும்பிட்டுட்டுப் போறாக."